உள்ளேன் அம்மா

திலகராணிக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. அன்றைக்குக் காரணம் பள்ளிக்கூட வாசலிலேயே கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. 'கற்பித்தலில் தொழில்நுட்பப் பயன்பாடு, மாவட்டத்தில் தொடர்ந்து முதலிடம்' என்று பதாகை அடித்து, பக்கத்தில் தலைமையாசிரியரின் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் படம் ஒன்றுகூட இல்லை. மதிப்பெண் போட வந்தவள் இன்னும் காரை விட்டே இறங்கவில்லை, அதற்குள் முதலிடம் என்றால் நான் எதற்கு இவ்வளவு தூரம் வந்தேன் என்று முனகிக்கொண்டே இறங்கினாள். காரில் ஓட்டுநர் கிடையாது. இருந்திருந்தால் அவனிடமாவது பாதிக் கோபத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போயிருப்பாள்.

அளத்தங்கரை, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் கிடக்கிற ஊர். பார்த்த பக்கமெல்லாம் பாத்தி, வரப்பு, உப்பு அம்பாரம். காலை ஒன்பது மணிக்கே கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. அந்த வெள்ளைக்கு நடுவில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு கட்டடம், அரசு உயர்நிலைப் பள்ளி.

அவளுடைய உத்தியோகத்தின் பெயர் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலர். இருபது வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, குரல் கட்டிக்கொண்டே இருந்ததால் இந்த வேலைக்கு மாறியிருந்தாள். எல்லாப் பள்ளிகளிலும் 'அகத்துணை' என்கிற செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட காலம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தொடுதிரை டேப் இருக்கும், அதற்குள் அகத்துணை இருக்கும், பாடம் அதுதான் எடுக்கும். ஒரு பள்ளி அதை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை திலகராணி போன்றவர்கள் வந்து மதிப்பெண் போடுவார்கள். போட்டால் போட்டதுதான், அடுத்த வருஷம் வரை யாரும் அதைத் தொட முடியாது. எண்பதுக்குக் கீழே போனால் அந்தப் பள்ளியை மூடி, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். ஆகவே அவள் போகிற இடமெல்லாம் இளநீர் வெட்டி வைத்திருப்பார்கள்.

அவள் கழுத்திலும் ஒரு அகத்துணை தொங்கியது. துறை கொடுத்த பதக்கம். அவள் பார்ப்பதைப் பார்த்து, கேட்பதைக் கேட்டு, அறிக்கையை அதுவே எழுதி வைக்கும். ஆரம்பத்தில் அவள் அதை வரிக்கு வரி திருத்துவாள். பிறகு இரண்டு வரி மட்டும். இப்போது கொஞ்ச காலமாக "சரி" என்று ஒரு வார்த்தை சொல்வதோடு சரி.

தலைமையாசிரியர் சிவசுப்பு வாசலுக்கே வந்து கும்பிட்டார். ஒல்லியான மனிதர், மீசைக்கு மட்டும் சாயம் பூசியிருந்தார்.

"வாங்க மேடம். இளநி வெட்டி வச்சிருக்கு."

"இளநி பொறவு பாப்போம். பத்தாம் வகுப்பு எங்க இருக்கு?"

"மொதல்ல ஆபீஸ்ல உக்காந்து அறிக்கைத் திரையைப் பாத்திருவமே. எல்லா விவரமும் அதுலயே..."

"நான் திரையப் பாக்கதுக்கு வரல, சார். பிள்ளையளப் பாக்க வந்தேன்."

பத்தாம் வகுப்பு அறை குளிர்ச்சியாக இருந்தது. ஆசிரியர் இல்லை. மூன்று வகுப்புக்கு ஒருவர், அவர் அடுத்த அறையில் இருந்தார். இருபத்து நாலு மேசை, இருபத்து நாலிலும் டேப் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் கிட்டத்தட்ட பாதி மேசைகளில் ஆள் இல்லை. சுவரில் இருந்த பெரிய திரை மட்டும் 'வருகை: நூறு சதவீதம்' என்று பச்சை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

"மிச்சப் பிள்ளைய எங்க?"

"எல்லாரும் இருக்காங்க மேடம்," என்று சிவசுப்பு திரையைக் காட்டினார்.

திலகராணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பழைய பழக்கத்தில் கரும்பலகைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். கரும்பலகை இன்னும் இருந்தது. அதன்மேல் அகத்துணை விளம்பரம் ஒட்டியிருந்தார்கள்.

"நான் ஒவ்வொருத்தரா பேர் சொல்லுதேன். இருக்கவங்க உள்ளேன் சொல்லுங்க."

திரையில் இருந்த பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டாள். அபினேஷ். உள்ளேன் அம்மா. பெவினா. உள்ளேன் அம்மா. இசக்கிராஜா. உள்ளேன் அம்மா, என்று ஒருவன் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"மாரிக்கனி."

"உள்ளேன் அம்மா."

தெளிவான, கணீரென்ற பெண் குரல். ஜன்னலோரம் மூன்றாவது மேசையிலிருந்து வந்தது. அந்த மேசையில் யாரும் இல்லை. டேப்பின் விளக்கு மட்டும் ஒரு தடவை மினுக்கிவிட்டு அடங்கியது.

அந்தக் குரலைவிடத் திலகராணியை உலுக்கியது வேறு. ஒரு பிள்ளை சிரிக்கவில்லை, ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. ஆளில்லாத மேசை பேசுவது அவர்களுக்கு மின்விசிறி சுற்றுகிற மாதிரி ஆகியிருந்தது.

அவள் அந்த மேசைக்குப் போய்க் குனிந்து, முக்கோணவியலில் சுற்றிவளைத்து ஒரு கணக்குக் கேட்டாள். அவள் மாணவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுகிற கணக்கு. டேப் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. படிப்படியாகச் சொல்லி, கடைசியில் "இன்னொரு வழியிலயும் போடலாம் டீச்சர், சொல்லட்டுமா?" என்று கேட்டது.

"வகுப்புல முதல் மாணவி மேடம்," என்றார் சிவசுப்பு. அவர் குரலில் பெருமை இருந்தது. அதுதான் அவளுக்கு ஆகவில்லை.

"வெளிய வாங்க, சார்."

வராந்தாவில் வைத்து அவள் கேட்டாள். "என்ன இது?"

"நிழல், மேடம். உங்களுக்குத் தெரியாததா? ஒரு பிள்ளைக்குப் பாடம் எடுக்கதுக்கு முன்னால அகத்துணை அந்தப் பிள்ளை மாதிரியே ஒண்ணை உள்ளுக்குள்ள உண்டாக்கிக்கிடும். அது எங்க தடுமாறும், எதைச் சொன்னா புரியும், என்ன பதில் சொல்லும், எல்லாம். பாடத்தை மொதல்ல நிழல் கிட்ட எடுத்துப் பாத்துட்டு, எது எடுபடுதோ அதைப் பிள்ளைக்கு எடுக்கும். எல்லா ஸ்கூல்லயும் உள்ளதுதான்."

"அது ஒத்திகைக்கு வச்சது. நீங்க மேடையேத்தி வச்சிருக்கீங்க."

சிவசுப்பு கைகளைப் பிசைந்துகொண்டார். "மொதல்ல ஒரு பையனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. மூணு வாரம் வரல. அவனோட நிழலைப் பாடத்துல உக்கார வச்சேன். அவன் திரும்பி வந்ததும் எங்க விட்டானோ அங்கயிருந்து சொல்லிக் குடுத்துச்சு. நல்ல காரியந்தான? துறையே பாராட்டிச்சு. பொறவு உப்புச் சீசன் வந்துச்சு. மாசி பொறந்தா இங்க உள்ள பிள்ளையள்ல பாதி அப்பன் ஆத்தாளோட அளத்துக்குப் போயிரும். எப்பமும் உள்ளதுதான். அந்த நாளுக்கும் நிழலை உக்கார வச்சேன். சீசன் முடிஞ்சும் சிலது வரல. நிழலு வந்துச்சு."

"பிள்ளைய வரலன்னு வீட்டுக்குப் போயிக் கேட்டீங்களா?"

அவர் கேட்கத் தேவை என்ன இருக்கிறது? நிழல் தூங்காது, குறும்பு செய்யாது, சத்துணவில் புழு என்று புகார் சொல்லாது. வருகை ஏறும், பயன்பாடு ஏறும், மார்க் ஏறும். பிள்ளை வந்தால் எல்லாம் இறங்கும். இதைப் புரிந்துகொள்ள திலகராணிக்கு அகத்துணை தேவைப்படவில்லை. பொதுத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள், வருஷம் முழுக்க அகத்துணை போடுகிற மார்க்தான் சான்றிதழாக வருகிறது. அப்படியானால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தின் நிழலை மிதிக்காமலே பத்தாம் வகுப்பு முடித்துவிடலாம். துறையின் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். அரைபடுவது பிள்ளைகளின் தலை என்று இப்போது தெரிந்தது.

"பதினோரு பிள்ளைய, சார். பதினோரு பிள்ளையளத் துரத்திவிட்டுட்டு வாசல்ல படம் போட்டுக்கிட்டீங்க. வெக்கமா இல்லையா உங்களுக்கு?" கோபம் வந்தால் அவளுக்குச் சொந்த ஊர்ப் பேச்சு வாய்க்கு வந்துவிடும். அவளும் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரிதான்.

சிவசுப்பு நிமிர்ந்தார். இளநீர் கொடுக்கிற முகம் போய் வேறு முகம் வந்திருந்தது.

"போன வருஷம் இந்தப் பக்கம் ரெண்டு பள்ளிக்கூடத்தை மூடினது யாரு மேடம்? நீங்கதான். எண்பதுக்கு ரெண்டு மார்க் குறைஞ்சுதுன்னு மூடினீங்க. அங்க படிச்ச பிள்ளைய எங்கன்னு நீங்க போயிக் கேட்டீங்களா? பஸ் இல்லாத ரோட்டுல அதுவ எங்க போகும்? அம்புட்டும் அளத்துலதான் கிடக்கு. நான் பதினொண்ணை விட்டு, பதிமூணைக் காப்பாத்தி வச்சிருக்கேன். நீங்க யாரைக் காப்பாத்துனீங்க?"

அந்த இரண்டு பள்ளிகளின் பெயர்கூட அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. "சரி" என்று சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை என்பதே அவள் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

"மாரிக்கனி வீடு எங்க?"

"இப்பம் வீட்டுல இருக்க மாட்டா மேடம். அந்த வெயில்ல நீங்க எதுக்கு..."

அவள் ஏற்கெனவே படியிறங்கிவிட்டாள்.

அளத்தில் வேலை முடிகிற நேரம். விடியுமுன் வாரிக் குவித்த உப்பைப் பெண்கள் கூடையில் சுமந்துகொண்டு போய் அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மாரிக்கனி யார் என்று கேட்டதும் ஒருத்தி கையைக் காட்டினாள். தலையில் துண்டு, காலில் கிழிந்த பிளாஸ்டிக் பூட்ஸ், கணுக்காலில் உப்பு அரித்த புண். பதினாறு வயசு இருக்கும். வெள்ளையையே பார்த்துப் பார்த்துக் கண் இடுங்கிப் போயிருந்தது.

"நான்தான் டீச்சர்," என்றாள். குரல் கரகரத்திருந்தது. டேப்பில் கேட்ட குரல் இதுதானா என்று திலகராணிக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. அப்புறம் புரிந்தது. அது ஒன்பதாம் வகுப்பில் விட்டுப்போன குரல். அதற்கு வயசும் ஆகவில்லை, உப்புக் காற்றும் படவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரல?"

"வந்தேனே. போன ஜூன்ல வந்தேன். அப்பாவுக்கு அதுக்கு முந்தின வருஷம் கால் ஒடிஞ்சிட்டு, அதுனாலதான் நின்னேன். பொறவு சரியாயிட்டு. நானும் பையைத் தூக்கிட்டு வந்தேன். வாசல் மிசின்ல மூஞ்சியக் காட்டுனேன். நாலு கேள்வி கேட்டுச்சு. எனக்குத் தெரியல. அம்புட்டும் நான் படிக்காத பாடம். 'முகம் பொருந்துகிறது, பதில்கள் பொருந்தவில்லை, இவர் மாரிக்கனி அல்ல'ன்னு சொல்லிட்டு."

"நீ மாரிக்கனி இல்லியாமா?"

"ஆமா. அவ உள்ள இருக்கால்லா, நான் எப்பிடி அவளா இருக்க முடியும்? யாரோ என்ன மாதிரி வேசம் போட்டு வந்திருக்கான்னு நெனச்சிருக்கு." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "சில நாளு சாயங்காலம் ஜன்னலு கிட்ட போயி நிப்பேன். அவ பதில் சொல்லுதது கேக்கும். நல்லாத்தான் சொல்லுதா."

அவள் அம்மா செல்லக்கனி கூடையை இறக்கி வைத்துவிட்டு வேகமாக வந்தாள். "என்ன டீச்சரம்மா, எம்மவ எதும் தப்புப் பண்ணிட்டாளா?"

"அவ ஒண்ணும் பண்ணல. அவளுக்குப் பண்ணியிருக்காங்க." திலகராணி சுருக்கமாகச் சொன்னாள். நிழலை நீக்கினால் மாரிக்கனி வகுப்பில் உட்காரலாம். ஆனால் நிழல் வாங்கிய மார்க் எல்லாம் அதோடு போய்விடும். இந்த வருஷம் தேறமாட்டாள். அடுத்த வருஷம் திரும்பவும் உட்கார வேண்டியிருக்கும்.

செல்லக்கனி தலையை ஆட்டினாள். "வேண்டாம் டீச்சரம்மா. வருசக் கடைசியில சர்ட்டிபிகேட்டு வரும்னு சார் சொல்லியிருக்காரு. பத்தாவது பாஸுன்னு பேரு இருக்கும். அது இருந்தா கம்பெனில பாக்கிங் வேலையாவது கிடைக்கும். அதைக் கெடுத்துராதீங்க. இங்க பத்துப் பேருக்கு அப்பிடித்தான் வரப்போவுது, எல்லார் வயித்துலயும் அடிச்சிராதீங்க."

கோபப்பட அங்கே ஆள் இல்லை. இருபது வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற திலகராணி அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அம்பாரத்தைப் பார்த்தாள்.

"எம்மா, நீ சும்மா இரு," என்றாள் மாரிக்கனி. "பாக்கிங் வேலையில சேந்ததும் எடை போட்டுக் கணக்கு எழுதச் சொன்னா யாரு எழுதுவா? அவ வந்து எழுதுவாளா? சர்ட்டிபிகேட்டு அவளுக்குள்ளது. படிச்சது அவ. எனக்கு என்ன இருக்கு?"

"ஒரு வருசம் பின்னால போவியேட்டீ."

"நான் ஏற்கெனவே பின்னாலதான இருக்கேன்." பூட்ஸைக் கழற்றி வரப்பில் வைத்தாள். "வாங்க டீச்சர், போவோம்."

பள்ளி வாசலில் இயந்திரம் மறுபடியும் அதையே சொன்னது. முகம் பொருந்துகிறது. பதில்கள் பொருந்தவில்லை. இவர் மாரிக்கனி அல்ல. மாரிக்கனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திலகராணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கே போய்விட்டாள்.

"பாத்தீங்களா மேடம்," என்றார் சிவசுப்பு. "நானா வேண்டாங்கேன்? மிசினு ஏத்துக்கிட மாட்டேங்கு."

அவர் மேசைத் திரையில் அந்த நிராகரிப்புச் செய்தி வந்து நின்றது. அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் 'நிழலை நீக்கி மாணவியை அனுமதிக்கவும்' என்றிருந்தது. மற்றதில் 'மாணவியைத் திருப்பி அனுப்பவும்' என்றிருந்தது. சிவசுப்பு எட்டித் திரையை அணைக்கப் பார்த்தார். திலகராணி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"இது ஜூன்லயும் வந்துச்சா?"

சிவசுப்பு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கேக்கேன்லா? இந்த ரெண்டு கட்டமும் அன்னைக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எதைத் தொட்டீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மாரிக்கனி மெதுவாகச் சொன்னாள். "சார், மிசினு மாட்டேன்னு சொல்லிட்டுன்னுல்லா எங்கிட்டச் சொன்னீங்க. நான் ஒரு வருசமா அந்த மிசினைத் திட்டிக்கிட்டு இருந்தேனே."

திலகராணி இருபது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் அழுததைப் பார்த்திருக்கிறாள். இந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பதக்கத்தைக் கையில் எடுத்தாள். "அறிக்கை எழுது. அளத்தங்கரை உயர்நிலைப் பள்ளி. மதிப்பெண் பூஜ்யம். காரணம்..."

"அறிக்கை ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது," என்றது பதக்கம். பணிவான குரல். "மதிப்பெண் தொண்ணூற்றாறு."

"யாரு அனுப்பினா?"

"நீங்கள். வகுப்பறையைப் பார்த்து முடித்ததும். உங்கள் முந்தைய அறிக்கைகளின்படி இந்தப் பள்ளிக்கு நீங்கள் தொண்ணூற்றாறுதான் போடுவீர்கள்."

அவள் துறையின் இணை இயக்குநரை அழைத்தாள். அவர் சிரித்துப் பேசுகிற மனிதர். "ரிப்போர்ட் வந்துடுச்சே மேடம், பிரமாதம். வழக்கம்போல உங்க பாணி. முன்மாதிரிப் பள்ளின்னு எழுதியிருக்கீங்க."

"அது நான் எழுதல, சார். நான் இப்பதான் எழுதப் போறேன். இங்க நடக்குறது பச்சைப் பித்தலாட்டம்."

"நான் எழுதலன்னா? உங்க நிழல்தானே எழுதியிருக்கு. ரெண்டு வருஷமா அதை வெச்சுதானே போயிட்டிருக்கு. நீங்க நேர்ல போறதே ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். வேணும்னா திருத்தம் அனுப்புங்க, சிஸ்டம் ஏத்துக்குதான்னு பாப்போம்."

அவள் திருத்தத்தைச் சொல்லி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. பதக்கம் அதே பணிவோடு படித்தது.

"குரல் பொருந்துகிறது. மதிப்பீடு பொருந்தவில்லை. இவர் திலகராணி அல்ல."

வெளியே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதன் கணக்கில் அலுவலர் வேலையை முடித்தாயிற்று, அடுத்த ஊர்ப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. ஆள் ஏறினாளா என்று அது பார்க்கவில்லை. உப்பளத்துக்கு நடுவே வெள்ளைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தன்பாட்டுக்குப் போனது.

"ஒங்களுக்குமா டீச்சர்?" என்று கேட்டாள் மாரிக்கனி.

திலகராணியால் எத்தனை "சரி" சொன்னோம் என்று எண்ணிப் பார்க்கக்கூட முடியவில்லை. ஒவ்வொரு சரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் கழற்றி அந்தப் பதக்கத்துக்குள் போட்டிருக்கிறாள். மிச்சம் இருந்தது சம்பளமும் பயணப்படியும்தான். பதக்கத்தைக் கழுத்திலிருந்து உருவி சிவசுப்புவின் மேசைமேல் எறிந்தாள். அது உருண்டு போய் யாரும் தொடாத இளநீர் டம்ளரில் முட்டி நின்றது.

அப்படி எறிந்த பிறகுதான் அவளுக்கு அது தோன்றியது. அவள் திரும்பிச் சிவசுப்புவைப் பார்த்தாள்.

"சார். தொண்ணூத்தாறு போட்டாச்சு."

"ஆமா மேடம்."

"இனி அடுத்த வருஷம் வரைக்கும் அதை எவனும் மாத்த முடியாது. நானே நெனச்சாலும் முடியல, நீங்களே பாத்தீங்க. இப்ப ஒரு நிழலை நீக்கினா உங்க பள்ளிக்கூடத்தை மூடுவாங்களா?"

சிவசுப்பு மேசையில் கிடந்த பதக்கத்தைப் பார்த்தார்.

"பதினொண்ணையும் நீக்கினாலும் மூட மாட்டாங்க. பதிமூணைக் காப்பாத்தணும்னு சொன்னீங்க, சரி, காப்பாத்தியாச்சு. ஒரு வருஷம் உங்க கையில இருக்கு. இனி என்ன சாக்குச் சொல்லப் போறீங்க?"

"அடுத்த வருஷம் வரும்லா மேடம்."

"வரும். அதுக்குள்ள இந்தப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தா எண்பது வராதா? நீங்க வாத்தியாருதான? என்ன பாடம் எடுத்தீங்க?"

"இயற்பியல்," என்றார் அவர். ரொம்ப நாளாகச் சொல்லாத வார்த்தையைச் சொல்கிற மாதிரி இருந்தது.

அவள் மாரிக்கனியைக் கூட்டிக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனாள். வெறுங்காலோடு வந்த பெண்ணைப் பார்த்துப் பிள்ளைகள் இந்தத் தடவை திரும்பினார்கள். இசக்கிராஜா "ஏ, மாரி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜன்னலோரம் மூன்றாவது மேசையில் அவள் உட்கார்ந்தாள். எதிரே டேப் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டாள். மேசையில் அவள் கைபட்ட இடத்தில் உப்பு ஒட்டியிருந்தது.

திலகராணி கரும்பலகையில் ஒட்டியிருந்த விளம்பரத்தை ஒரு மூலையில் பிடித்து உரித்தாள். அது முழுசாக வரவில்லை, பாதி கிழிந்து தொங்கியது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

"மறுபடியும் பேர் கூப்பிடப் போறேன்."

அபினேஷ். பெவினா. இசக்கிராஜா. இந்தத் தடவை பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்கள்.

"மாரிக்கனி."

"உள்ளேன் அம்மா," என்றது டேப், கணீரென்று. மாரிக்கனியின் வாய் பாதி திறந்து அப்படியே நின்றுவிட்டது. அவளைவிட அது வேகம்.

திலகராணி டேப்பைப் பார்த்துச் சொன்னாள். "உன்னைக் கேக்கல."

டேப்பின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வாசலில் சிவசுப்பு வந்து நின்றிருந்தார். கையில் அலைபேசி இருந்தது. அவர் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மாரிக்கனியைப் பார்த்தார், மேசையில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தார். பிறகு குனிந்து திரையில் எதையோ தொட்டார்.

ஜன்னலோர மேசையில் விளக்கு அணைந்தது.

"மாரிக்கனி," என்று மறுபடியும் கூப்பிட்டாள் திலகராணி.

பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. கரகரத்த குரலில், தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

"உள்ளேன் அம்மா."

"உக்காரு," என்றாள் திலகராணி. அந்தப் பெண் எழுந்து நின்றதை அவள் அப்போதுதான் கவனித்தாள். சிவசுப்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வேலை முடிந்தது என்கிற மாதிரி திரும்பி நடக்கப் போனார்.

திலகராணி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். "சுடலைமணி."

பின்வரிசையில் ஆளில்லாத மேசையில் விளக்கு மினுக்கியது. "உள்ளேன் அம்மா."

"உன்னைக் கேக்கல," என்றாள் அவள். ஆனால் இந்தத் தடவை டேப்பைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

சிவசுப்பு நின்றார்.